தண்ணீருக்கு முன்னால் நடந்தவள்

முதலில் ஒரு விடுகதை.

அரண்மனையில் பிறக்கும். குதிரையில் போனால் ஊருக்குக் கேட்கும். நடந்து போனால்தான் ஊரில் தங்கும். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டாம். தெரியாதவர்கள் கவலைப்படவும் வேண்டாம். இந்தக் கதையில் வரும் அரசிக்கும் முதலில் தெரியவில்லை.

அவள் பெயர் கொற்றி. கூவிளநாட்டின் அரசி. வயது பன்னிரண்டு. போன மழைக்காலத்தில் அவளுடைய அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அரியணையில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் எட்டாது. கீழே ஒரு பலகை போட்டிருந்தார்கள்.

அவளுக்கு ஆசிரியர் சேந்தி. நாற்பது வயதுப் பெண்மணி. குரல் கொஞ்சம் பெரியது. முந்தானை முடிச்சில் எப்போதும் வறுத்த பயறு இருக்கும். அரண்மனைக்கு வருவதற்கு முன் ஏரி வாரியத்தில் இருந்தவர்.

கூவிளநாட்டில் ஆறு கிடையாது. இருப்பது ஒரே ஏரி. அந்த ஏரித் தண்ணீரை எந்த ஊருக்கு, எப்போது, எவ்வளவு விடுவது என்று பார்த்துக்கொள்ள அரசு அமைத்த சபைதான் ஏரி வாரியம். ஏரியிலிருந்து நீளமாக ஒரு வாய்க்கால் போகும். ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் வயல்கள் தலைமடை. வாய்க்கால் முடியும் இடத்தில் இருக்கும் வயல்கள் கடைமடை. தலைமடை வயல்கள் நிரம்பிய பிறகு, மிச்சம் இருந்தால் கடைமடைக்கு. அதுதான் முறையாக இருந்தது.

ஒருநாள் கடைமடையிலிருந்து சடையன் என்ற உழவர் சபைக்கு வந்தார். கையில் ஒரு மண்கட்டி. அதில் மஞ்சள் பூத்த நாற்றுகள் சில ஒட்டிக்கொண்டிருந்தன.

"தாயே, இதைப் பாருங்க. என் நாற்றங்கால். மண்ணா இருந்தது, புழுதியாப் போச்சு" என்றார்.

கொற்றி மண்கட்டியை வாங்கிப் பார்த்தாள். அது அவள் விரலிலேயே உதிர்ந்தது.

"தலைமடை?" என்று கேட்டாள்.

"அங்கே தவளை கத்துது, தாயே."

கொற்றி எழுந்து நின்றாள். "இந்தப் போகத்திலிருந்து கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர். நாளைக் காலை மதகைத் திறந்து, முழுத் தண்ணீரையும் கடைமடைக்கு விடுங்கள். இது என் வாக்கு."

சபையில் எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். சடையன் மட்டும் கும்பிடவில்லை.

"உங்க அப்பாவும் இதையேதான் சொன்னார், தாயே" என்றார்.

கொற்றியின் முகம் சிவந்தது. ஏரி வாரியத்தின் தலைவர் இளையான் பக்கம் திரும்பினாள். "ஏன் நடக்கவில்லை?"

"நடந்துகொண்டுதான் இருக்கிறது, தாயே. படிப்படியாக" என்றார் இளையான்.

"படிப்படியாகவா? உங்கள் வாரியம் என்ன ஆமையா?"

"ஆமையைக் கேலி பண்ணாதீங்க, தாயே. அது எங்க ஊருக்கு எப்பவோ வந்து சேர்ந்துடுச்சு" என்றார் சடையன்.

சபை சிரித்தது. இளையானும் சிரித்தார். கொற்றி சிரிக்கவில்லை.

அன்று மாலையே குதிரைக்காரர்கள் வாய்க்கால் நெடுகப் பறை அறைந்துவிட்டு வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் நாடு முழுவதும் செய்தி தெரிந்துவிட்டது.

கொற்றி சேந்தியிடம் கேட்டாள்.

"சேந்தியம்மா, அரசாங்கம் ஏன் இவ்வளவு மெதுவாக மாறுகிறது? நான் ஒரு வார்த்தை சொன்னேன். குதிரை அதை ஒரு மாலைக்குள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. வாரியத்துக்கு மட்டும் ஏன் தலைமுறை தலைமுறையாக நேரம் வேண்டும்?"

சேந்தி ஒரு பயறை வாயில் போட்டு மென்றார்.

"பாதக்குறடு போட்டுக்கொண்டு வராதே, நாளைக்கு" என்றார்.

"ஏன்?"

"வழுக்கும்."

அவ்வளவுதான் பதில்.

மறுநாள் விடியும்போது அவர்கள் ஏரிக்கரையில் நின்றார்கள். அந்தக் கரையைப் பார்த்தவர்கள் முதலில் அதை மலை என்றுதான் நினைப்பார்கள். எல்லாம் கூடையில் சுமந்து கொட்டிய மண். எத்தனையோ புயல் பார்த்த கரை. ஒருமுறையும் உடைந்ததில்லை. கூவிளநாட்டுக்காரர்கள் வெளியூருக்குப் போனால் தங்கள் அரசரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கரையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கரையை ஒட்டி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள். அவற்றின் நடுவே ஒரு நீண்ட மரத்தண்டு. தண்டின் அடியில் ஒரு கல், மதகின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. தண்டில் படிபோல வெட்டுகள். ஒரு வெட்டு உயர்த்தினால் கொஞ்சம் தண்ணீர். எல்லாம் உயர்த்தினால் வெள்ளம்.

இளையான் கொற்றியின் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்தார்.

"வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு, தாயே. தண்ணீர் முறையை மாற்றுகிறவர் காய்ந்த வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் நடக்க வேண்டும். தண்ணீர் அவரை முந்தக் கூடாது. வழி நன்றாக இருந்தால் இந்தத் துணியை உயர்த்துங்கள். கரை நெடுக எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் உயர்த்துவார்கள். இங்கே நாங்கள் தண்டை ஒரு வெட்டு உயர்த்துவோம்."

"நான் உயர்த்தாவிட்டால்?"

"நாங்களும் உயர்த்த மாட்டோம்."

"நான் அரசி. துணியே இல்லாமல், எல்லா வெட்டையும் உயர்த்துங்கள் என்று சொன்னால்?"

"உயர்த்துவோம், தாயே" என்றார் இளையான். "ஆனால் வாய்க்காலில் நீங்கள் இருப்பீர்கள்."

கொற்றி வாய்க்காலில் இறங்கினாள். சேந்தி இறங்கினார். சடையனும் இறங்கினார். அவர் போகும் வழியும் அதுதான்.

தண்ணீர் வந்தது. முதலில் ஒரு நாக்கு போல. சருகையும் எறும்பையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி நிரம்பி, பிறகு அடுத்த வெடிப்புக்கு வந்தது. கொற்றிக்குக் கோபம் கொஞ்சம் மறந்துபோனது. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பிறகு ஓடினாள்.

"ஓடலாமா, சேந்தியம்மா?"

"ஓடலாம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்தால் போதும்."

தலைமடையில் ஒரு பெரியவர், வாய்க்கால் தண்ணீர் உள்ளே வராதபடி தன் வயல்வாயை மண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார். அவர் வாய் ஓயாமல் முணுமுணுத்தது.

"ஐயா, அடைக்க மனமில்லையா?" என்று கேட்டாள் கொற்றி.

"யார் சொன்னது, தாயே? அடைக்கிறேன். திட்டிக்கிட்டே அடைக்கிறேன். உங்க பாட்டி நடந்தப்போ எங்க தாத்தாவும் இப்படித்தான் திட்டிக்கிட்டே அடைச்சாராம்."

"பிறகு?"

"பிறகென்ன, உங்க பாட்டிக்கு மோர் குடுத்தாராம். இந்தாங்க, குடிங்க."

கொற்றி குடித்தாள். தண்ணீர் அவள் குதிகாலைத் தொட்டது. அவள் நகர்ந்தாள்.

கொஞ்சம் தள்ளி, கரையோரம், பாசி பிடித்த ஒரு கல் நின்றது. அதில் இரண்டு பாதங்கள் செதுக்கியிருந்தன.

"இது யாருடைய கால்?"

"நாட்டின் முதல் அரசருடையது" என்றார் சேந்தி. "அவர் தண்ணீருக்கு முன்னால் இதுவரைதான் நடந்தார். அப்போது இதுதான் கடைமடை."

கொற்றி சிரித்துவிட்டாள். "இதுவா கடைமடை? இங்கிருந்து மதகு தெரிகிறதே!"

"ஆமாம். இதற்கு அப்பால் அப்போது முள்காடு."

கொற்றி துணியை உயர்த்தினாள். தூரத்தில் ஒரு துணி உயர்ந்தது. அதற்கப்பால் இன்னொன்று. சற்று நேரத்தில் பின்னால் தண்ணீரின் சத்தம் மாறியது. கரை இரண்டு பக்கமும் இறுகி நின்றது. ஒரு பொடி மண்கூட உதிரவில்லை.

பிறகு இன்னொரு கல் வந்தது. பிறகு இன்னொன்று. பாட்டியின் கல் ஒரு புங்கமரத்தடியில் இருந்தது. ஒவ்வொரு கல்லிலும் கொற்றி நின்றாள், துணியை உயர்த்தினாள், தண்ணீர் கனத்தது. அவள் நடை நிமிர்ந்தது.

"பாத்து நடங்க, தாயே. இப்பவே ஏரிக்கரை மாதிரி நிமிர்ந்துட்டீங்க" என்றார் சடையன்.

வளைவு ஒன்றைத் தாண்டியதும் கொற்றி சட்டென்று நின்றாள்.

வாய்க்காலின் நடுவே ஒரு தொட்டில். கரைக்கு மேலிருந்த மரத்தின் வேர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலின் அடிப்பக்கம் தரைக்கு ஒரு சாண் மேலே.

"யார் குழந்தை இது?" என்று கத்தினாள் கொற்றி.

கரைக்கு மேலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் புல்லரிவாள்.

"ஐயோ, மெல்லப் பேசுங்க! இப்பத்தான் தூங்கினான்" என்றாள். பிறகுதான் யார் என்று தெரிந்து, அரிவாளைப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"பறை அறைந்தது கேட்கவில்லையா?"

"கேட்டுச்சு, தாயே. நல்லாக் கேட்டுச்சு. ஆனா இந்தப் பக்கம் தண்ணி எப்பவும் தலைமடை நடவெல்லாம் முடிஞ்சுதானே வரும்? வாய்க்கால்ல நிழலா இருக்கும். எல்லாப் பிள்ளையும் இங்கதான் தூங்கும்."

அவள் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. கொற்றி அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். தண்ணீர் வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. சுற்றிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தது. சடையன் கையாலேயே மண்ணை வாரி அதன் முன்னால் போட்டார். முடிச்சு அவிழ்ந்தது. அந்தப் பெண் தொட்டிலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

குழந்தை விழிக்கவில்லை.

கொற்றி தொட்டில் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது தண்ணீர் இருந்தது. தன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் ஓடவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது இன்னொரு வளைவில் புதிய கல் ஒன்று தெரிந்தது. பாசி இல்லை. ஓரங்கள் கூர்மையாக இருந்தன. செதுக்கிய பாதங்களில் இடது பெருவிரல் கொஞ்சம் விலகியிருந்தது.

கொற்றிக்கு அந்த விரலைத் தெரியும். அவளுக்கும் இடது பெருவிரல் அப்படித்தான்.

"அப்பா" என்றாள்.

"கல்தச்சர் விரலை நேராகச் செதுக்கிவிட்டார். உன் அப்பாதான் திருத்தச் சொன்னார்" என்றார் சேந்தி. "என் கால் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்றார்."

"அப்பாவும் கடைமடைக்குத்தான் நடந்தாரா?"

"கடைமடைக்குத்தான். இந்த வளைவு அப்போது வெறும் மணல். அந்தப் போகம் முழுவதும் இதன் கரையைத்தான் கட்டினார். நான் கூடை எடுத்துக் கொடுத்தேன். அவர் சுமந்தார். அடுத்த போகத்தில் காய்ச்சல் வந்துவிட்டது."

சடையன் காலால் கரையை ஓங்கி மிதித்தார். திண்ணென்று சத்தம் வந்தது.

"இதுல எங்க அப்பன் சுமந்த மண்ணும் இருக்கு. இந்த வளைவு உடைஞ்சா நான் காதை அறுத்துக்கிறேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா இதோட நின்னுபோச்சு, தாயே."

கொற்றி தன் காலை அப்பாவின் பாதத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். கால் சின்னது. விரல் மட்டும் பொருந்தியது.

பிறகு கல்லுக்கு அப்பால் பார்த்தாள்.

அங்கே கரை ஒல்லியாக இருந்தது. நெடுகிலும் நண்டு வளைகள். ஒன்றில் சடையன் கையிலிருந்த கோலை விட்டார். பாதிக் கோல் உள்ளே போயிற்று. கரைக்குக் கீழே, பள்ளத்தில், ஒரு சிற்றூர். வீட்டுக் கூரைகள் கரையைவிடத் தாழ்வாக இருந்தன. அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. அதற்கும் அப்பால், வாய்க்கால் முடியும் இடத்தில், மஞ்சளாக ஒரு சதுரம்.

"அதுதான் என் நாற்றங்கால்" என்றார் சடையன்.

கல்லுக்கு அருகில் வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகை அடைப்பு இருந்தது. அதன் இடுக்கு வழியாக மெல்லிய தண்ணீர் மட்டும்தான் அப்பால் போகும். அந்தக் கரை அவ்வளவுதான் தாங்கும். கடைமடைக்கு எப்போதும் மிச்சத் தண்ணீர் போனது அதனால்தான். வாரியத்து ஆட்கள் இருவர் பலகையைப் பிடித்துக்கொண்டு கொற்றியின் கையையே பார்த்தார்கள். துணி உயர்ந்தால் பலகையை எடுப்பார்கள். மதகில் தண்டும் உயரும்.

பின்னால் வந்த தண்ணீர் பலகையில் வந்து மோதியது. மேலே ஏறத் தொடங்கியது.

"துணியைத் தூக்குங்க, தாயே" என்றார் சடையன். "ரெண்டு வெட்டு உயர்த்தினா இருட்டறதுக்குள்ள என் நாத்துக்குத் தண்ணி வந்துடும்."

"கரை தாங்குமா?"

"தாங்கலாம்."

"தாங்கலாம் என்றால்?"

கீழே இருந்த ஊரிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து, "அரசி! அரசி!" என்று கைகளை ஆட்டினார்கள். சடையன் அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார்.

"குடத்தில் எடுத்துக்கொண்டுபோய் நாற்றுக்கு ஊற்றினால்?" என்று கேட்டாள் கொற்றி.

"ஊத்தலாம். ஊரே சுமந்தாலும் பாதி நாத்துதான் தேறும். பாதி நாத்தை வச்சு முழு வயலையும் நட முடியுமா, தாயே?"

"முடியாது."

"அப்போ?"

கொற்றி சேந்தியைப் பார்த்தாள். "சேந்தியம்மா, நான் சபையில் வாக்குக் கொடுத்தேன். எல்லார் முன்னாலும்."

"ஆமாம். நானும் கேட்டேன்."

"இந்தப் போகத்திலேயே என்று சொன்னேன்."

"அதையும் கேட்டேன்."

"துணியை உயர்த்தாவிட்டால் அரசி வாக்குத் தவறினாள் என்பார்கள்."

"சொல்வார்கள்."

"அப்பாவையும் அப்படித்தான் சொன்னார்களா?"

"நேற்றுகூட ஒருவர் சொன்னாரே" என்றார் சேந்தி.

சடையன் குனிந்து, தன் கோலில் ஒட்டியிருந்த ஈர மண்ணை விரலால் வழித்தார்.

தண்ணீர் பலகையின் பாதிக்கு வந்துவிட்டது. பலகையைப் பிடித்திருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். கரையில் நின்ற ஆட்கள் எல்லாரும், மதகுவரை, அடுத்தவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சேந்தியம்மா, என் கல் எங்கே நிற்கும்?"

சேந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பயறு தீர்ந்துவிட்டிருந்தது. முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

"எந்தத் தொட்டிலையும் நனைக்காமல் தண்ணீர் உன் பின்னால் எதுவரை வருகிறதோ, அங்கே" என்றார்.

கொற்றி வெள்ளைத் துணியை உயர்த்தவில்லை; சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டாள். பலகை அப்படியே நின்றது; மதகில் தண்டை இறக்கினார்கள். அப்பாவின் கல்லுக்கு அப்பால் ஓரடி எடுத்து வைத்தாள். அன்று மாலை கடைமடைக்குக் குடங்களில் தண்ணீர் போயிற்று. நண்டு வளைகளில் முதல் கூடை மண்ணை அவள் கொட்டினாள். கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தவர் சடையன்.